ஒரே ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் 7, 10, லினக்ஸ்: ஐந்தாவது பாகம் போடப் போனால் "டைனமிக்" ஆக்கட்டுமா என்று கேட்கிறது

சென்னிமலை டிசைன்:

வணக்கமுங்க. நான் சென்னிமலையில் பெட்ஷீட், துண்டு, திரைச்சீலை இதற்கெல்லாம் ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுக்கிறவன். 14 வருடமாக இதுதான் தொழில். தறிக்காரர்கள் ஒரு பூவையோ மயிலையோ போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். அதை 240 ஹூக்குக்கோ 400 ஹூக்குக்கோ (ஹூக் என்றால் தறியில் இழையைத் தூக்கும் கொக்கி) கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த இழை எழும்ப வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று குறித்து, அட்டை குத்துகிறவரிடம் கொடுப்பேன். ஒரு கட்டம் தவறினாலும் பெட்ஷீட் முழுக்க அந்தத் தவறு திரும்பத் திரும்ப வரும்.

இதற்கு நான் வைத்திருக்கும் மென்பொருள் 2012-ல் வாங்கியது. விண்டோஸ் 7, 32 பிட்டில் மட்டும்தான் ஓடும். விற்றவர்கள் இப்போது இந்தத் தொழிலில் இல்லை, புதுப் பதிப்பும் கிடையாது. ஆனால் என் கைக்குப் பழகிய சாமான் அதுதான். அதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போக எனக்கு மனமில்லை, அதற்கான பணமும் இல்லை.

கணினி ஈரோட்டில் இரண்டாம் கையாக வாங்கிய பிராண்டட் டெஸ்க்டாப். ஐ3 இரண்டாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸில் பார்த்தால் 465 ஜிபி என்றுதான் காட்டும். அதில் இடமிருந்து வலமாக இப்படி இருந்தது: சிஸ்டம் 199 எம்பி, சி டிரைவ் 150 ஜிபி, டி டிரைவ் 300 ஜிபி, கடைசியில் ரெக்கவரி 15 ஜிபி சொச்சம். சி-யில் 62 ஜிபி நிரம்பியிருக்கிறது. டி-யில் 88 ஜிபி. அந்த 88-தான் என் 14 வருட டிசைன்.

இப்போது இரண்டு தேவை வந்திருக்கிறது. வீட்டில் பில் போடுவது என் மனைவி. அவர் பழகிய பில்லிங் மென்பொருளின் புதுப் பதிப்பு 7-ல் ஏறவில்லை, 10 வேண்டும் என்கிறது. விண்டோஸ் 10-க்கு உரிமம் இருக்கிறது. அடுத்து, மகள் பெருந்துறையில் இன்ஜினியரிங் முதல் வருடம். சி மொழிப் பயிற்சிக்கு லினக்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கொரு கணினி வாங்க இப்போது வழியில்லை. இருக்கிற ஒன்றையே மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யை 70 ஜிபி சுருக்கினேன். காலி இடம் கறுப்பாக வந்தது. அதன்மேல் வலது கிளிக் செய்து புது வால்யூம் என்று கொடுத்தால் ஒரு எச்சரிக்கை வருகிறது. பேசிக் வட்டை டைனமிக் வட்டாக மாற்றப் போகிறேன், மாற்றினால் இப்போதைய பூட் வால்யூம் தவிர வேறெதிலிருந்தும் இயங்குதளத்தைத் தொடங்க முடியாது, தொடரலாமா என்று கேட்கிறது. பக்கத்தில் ஒரு கடையில் கேட்டேன். "எஸ் கொடுங்க, ஒன்றும் ஆகாது" என்றார்கள். எனக்குக் கை வரவில்லை. நோ கொடுத்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

எஸ் கொடுக்கலாமா? கொடுக்கக் கூடாதென்றால் வேறு என்ன வழி? டி டிரைவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அது ஒன்றுதான் என் கவலை.

கரூர் பஸ்பாடி:

எஸ் கொடுத்துவிடாதீர்கள் அண்ணா. டைனமிக் என்பது விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் பிரிப்பு முறை. முதலில் இதைப் படித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்.

நான் பஸ் பாடி கட்டும் பட்டறையில் டிராயிங் பிரிவில் இருக்கிறேன். 2016-ல் இதே கேள்வி வந்தது, எஸ் கொடுத்தேன். எல்லாப் பாகமும் ஒரே நிறத்துக்கு மாறியது. அன்றைக்கு விண்டோஸ் ஓடியதால் நல்லபடி முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் லினக்ஸ் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த இன்ஸ்டாலருக்கு உள்ளே இருந்த பாகங்கள் பாகங்களாகவே தெரியவில்லை. திரும்ப பேசிக் ஆக்க விண்டோஸ் கொடுக்கும் வழி ஒன்றே ஒன்றுதான்: எல்லா வால்யூமையும் அழிக்க வேண்டும். டிராயிங் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, அழித்து, திரும்பப் போட எனக்கு இரண்டு நாள் ஆனது. நீங்கள் நோ கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

கோபி கணினி ஆசிரியை:

வணக்கம் சார். வட்டைப் பிரிப்பதற்கு முன் ஒன்று யோசித்துப் பாருங்கள். மகளுக்கான லினக்ஸை முதன்மையாகப் போட்டு, அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரு இயங்குதளத்துக்குள் இன்னொன்றை ஓட்டும் மென்பொருள்) விண்டோஸ் 7 வைத்துக்கொண்டால், பாகம் பிரிக்கிற வேலையே பாதியாகக் குறையும். டிசைன் மென்பொருளின் டாங்கிள் (உரிமத்தைக் காட்டக் கணினியில் மாட்டும் சாவி) யூஎஸ்பி என்றால் அதை உள்ளே இருக்கும் 7-க்குக் கொடுத்துவிடலாம்.

பிரித்துப் போடுவதென்று முடிவானாலும் பயப்பட ஒன்றுமில்லை. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தேதான் வந்தன. பாஸ், சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. எங்கள் பிளஸ் டூ பிள்ளைகள் பெட்டியைப் பிரித்துப் பவர் போட்டதும் திரையில் இரண்டு வரி வரும், எது வேண்டும் என்று கேட்கும். கோபியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டில் அதற்கு முன் கணினியே பார்க்காத பிள்ளைகள் அவர்கள். இரண்டு இயங்குதளம் ஒரே வட்டில் இருக்கலாம் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்துகொண்டார்கள். வகுப்பில் "பார்ட்டிஷன்" என்ற பாடத்தை அந்த இரண்டு வரியைக் காட்டித்தான் நான் தொடங்குவேன்.

பீளமேடு மாணவன்:

அண்ணா, ஒரு வட்டில் நான்கு பாகம்தான் என்பது எம்பிஆருக்கு, அதாவது வட்டின் பாகங்களைக் குறித்து வைக்கும் பழைய வகை அட்டவணைக்கு, உள்ள வரம்பு. ஜிபிடி என்ற புது வகை அட்டவணைக்கு மாற்றினால் விண்டோஸில் 128 பாகம் வரை போடலாம். எம்பிஆர்-2-ஜிபிடி என்று ஒரு கருவி விண்டோஸ் 10-உடனேயே வருகிறது, தரவு அழியாமல் மாற்றும். அதைப் பயன்படுத்திப் பார்க்கலாமே?

சென்னிமலை டிசைன்:

கரூர் தம்பிக்கு முதலில் நன்றி. எழுதிப் பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

டீச்சர், என் டாங்கிள் யூஎஸ்பி இல்லை. கணினியின் பின்னால் பழைய பிரிண்டர் போர்ட் ஒன்று இருக்கும், 25 ஊசித் துளை உள்ளது. அதில் மாட்டும் டாங்கிள். இந்தக் கணினியை வாங்கும்போதே அந்த போர்ட் இருக்கிறதா என்று பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் வாங்கினேன். இதை விர்ச்சுவல்பாக்ஸுக்குள் கொடுக்க முடியுமா?

ஈரோடு சர்வீஸ்:

நான் ஈரோட்டில் 18 வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். மஞ்சள் மண்டி, ஜவுளிக் கடை, ரைஸ் மில் என்று எல்லா இடத்திலும் பழைய மென்பொருளை நம்பியிருக்கிற பழைய கணினிகள்தான் என் கைக்கு அதிகம் வரும். அதனால் உங்கள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மற்ற இரண்டு யோசனைகள். பிரிண்டர் போர்ட் டாங்கிளை விர்ச்சுவல்பாக்ஸுக்குள் கொண்டு போவதை நம்பித் தொழில் நடத்த முடியாது. யூஎஸ்பி என்றால் டீச்சர் சொன்னதையே நானும் சொல்லியிருப்பேன். உங்களுக்கு 7 நிஜமான கணினியின்மேல் நேரடியாக ஓட வேண்டும். ஜிபிடி-யும் சரிவராது தம்பி. 32 பிட் விண்டோஸ் 7, பழைய பயாஸ் (பவர் போட்டதும் கணினியை எழுப்பும் நிரல்) முறையில்தான் தொடங்கும். அதற்கு எம்பிஆர் அட்டவணைதான் வேண்டும். மேலும் அந்தக் கருவி, வட்டில் மூன்று பிரைமரி பாகத்துக்கு (அட்டவணையில் நேரடியாக எழுதிய பாகம்) மேல் இருந்தால் மாற்றவே மாற்றாது. இவரிடம் நான்கு இருக்கிறது.

ஏன் நான்கு? வட்டின் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் தொடக்க நிரலுக்கு. கடைசி 2 பைட் முத்திரை. நடுவில் மிஞ்சுவது 64 பைட். ஒரு பாகத்தின் தொடக்கம், நீளம், வகை இதையெல்லாம் எழுத 16 பைட். ஆக நான்கு வரிதான் எழுத முடியும். 1983-ல் பிசி டாஸ் 2.0 வந்தபோது போட்ட கணக்கு இது. அன்றைக்கு 10 எம்பி வட்டு என்றால் பெரிய தோட்டம் மாதிரி. நான்கு பேருக்குப் பட்டா எழுதும் ஒரே ஒரு ஏடு அது. ஐந்தாவது ஆளுக்கு வரி இல்லை.

சில வருடம் கழித்து இதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டார்கள். நான்கில் ஒரு வரியை மட்டும் "எக்ஸ்டெண்டெட்" என்று எழுதிவிட்டு, அந்த வரப்புக்குள் எத்தனை உட்பிரிவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்வது. அந்த உட்பிரிவுகளுக்கு லாஜிக்கல் என்று பெயர். லினக்ஸ் லாஜிக்கலில் எந்தக் குறையுமில்லாமல் உட்காரும். விண்டோஸ் 10-ம் உட்காரும், ஆனால் அதன் தொடக்கக் கோப்புகள் மட்டும் ஆக்டிவ் என்று குறித்த ஒரு பிரைமரி பாகத்தில் இருக்க வேண்டும். உங்களுக்கு அது அந்த 199 எம்பி சிஸ்டம் பாகம். அதைத் தொடவே கூடாது.

ஆக உங்கள் தேவை இதுதான்: நான்கு பிரைமரியில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த வரியை எக்ஸ்டெண்டெட் ஆக்க வேண்டும். எடுக்க வேண்டியது ரெக்கவரி. எடுப்பதற்கு முன் கணினியுடன் வந்த ரெக்கவரி கருவியை வைத்து டிவிடி போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயம். எக்ஸ்டெண்டெட் என்பது விட்டுவிட்டு இருக்க முடியாது, தொடர்ச்சியான ஒரே துண்டாக இருக்க வேண்டும். நீங்கள் சி-யிலிருந்து எடுத்த 70 ஜிபி, சி-க்கும் டி-க்கும் நடுவில் கிடக்கிறது. ரெக்கவரி இடமோ கடைசியில். நடுவே டி. இரண்டையும் சேர்க்க வேண்டுமானால் டி-யை முழுசாக இடப்பக்கம் நகர்த்த வேண்டும். ஒரு பாகத்தின் தொடக்கத்தை நகர்த்துவது என்றால் அதில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் எடுத்து வேறிடத்தில் வைப்பது. மணிக்கணக்காகும். நடுவில் கரண்ட் போனால் டி போயிற்று. உங்கள் 14 வருடம் அதில்தான் இருக்கிறது. அதனால் அந்த 70-ஐ சி-க்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சி-யின்மேல் வலது கிளிக், எக்ஸ்டெண்டு வால்யூம். முடிந்தது.

அப்புறம் டி-யைச் சுருக்குங்கள். சுருக்கும்போது கடைசிப் பக்கம்தான் காலியாகும், தொடக்கம் அசையாது. 88 ஜிபி இருக்கிறது, வருகிற டிசைனுக்கும் சேர்த்து 140 வைத்துக்கொண்டால் 160 கிடைக்கும். ரெக்கவரி இடத்தோடு சேர்த்து கடைசியில் 175 ஜிபி ஒரே துண்டாக நிற்கும். அதில் புது வால்யூம் கொடுத்தால், பிரைமரி மூன்றுதான் இருக்கிறது என்பதால், விண்டோஸ் தானாகவே எக்ஸ்டெண்டெட் ஆக்கி உள்ளே லாஜிக்கல் போடும். பச்சைக் கட்டம் சுற்றி வரும். டைனமிக் கேள்வி வராது. வந்தால் எங்கோ பிசகு, நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள்.

விண்டோஸ் 10-க்கு 80 போதும். ஆனால் 81 என்று கொடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது திரையில் பாகங்கள் எண்ணும் அளவுமாக வரிசையாக வரும், அவசரத்தில் மாற்றித் தொட்டுவிடுவோம். வேறெதற்கும் இல்லாத ஒரு அளவாக இருந்தால் கண் தவறாது. லேபிளும் போட்டுவிடுங்கள்: "ஏழு", "பத்து", "டிசைன்". மீதி 94-ஐ லினக்ஸுக்குக் காலியாகவே விடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியதை இப்போது சொல்கிறேன், வேண்டுமென்றே நடுவில் வைத்திருக்கிறேன். மேலே சொன்னதைப் படித்ததும் கை பரபரக்கும். பொறுங்கள். வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, டி முழுக்க நகலெடுங்கள். நகலெடுத்தபின் பத்து டிசைனையாவது அதிலிருந்தே திறந்து பாருங்கள். அடுத்து குளோன்ஸில்லா (வட்டை அப்படியே நகலெடுக்கும் மென்பொருள்) போட்ட பென் டிரைவில் கணினியைத் தொடங்கி, முழு வட்டையும் அப்படியே ஒரு படிமமாக அதே வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அந்த முதல் செக்டரும் சேர்ந்து வரும். ஏதாவது கெட்டுப் போனால் ஒரு பகலில் பழையபடி நிறுத்திவிடலாம், டாங்கிள் மென்பொருள் உட்பட. அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

அப்புறம் உங்கள் பகுதிக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன் என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் தொடங்காதீர்கள். யூபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்று பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

போடும் வரிசை: 7 ஏற்கெனவே இருக்கிறது, அடுத்து 10, கடைசியில் லினக்ஸ். வரிசை மாறக் கூடாது. விண்டோஸ் இன்ஸ்டாலர் முதல் செக்டரில் தன் தொடக்க நிரலை எழுதும், அங்கே லினக்ஸ் இருந்ததா என்று பார்க்காது. லினக்ஸின் தொடக்க நிரலான கிரப் அப்படியில்லை. வட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்து மெனுவில் சேர்த்துக்கொள்ளும்.

விண்டோஸ் 10 போடும்போது, வட்டில் எம்பிஆர் அட்டவணை இருப்பதால் நிறுவ முடியாது என்று சொன்னால், பென் டிரைவ் யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த புது முறை) வழியாகத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். கணினியைத் திரும்பத் தொடங்கி, பூட் மெனுவில் அதே பென் டிரைவுக்கு இன்னொரு வரி இருக்கும், யூஇஎஃப்ஐ என்று போடாதது. அதைத் தேர்ந்தெடுங்கள். 10 வந்ததும் முதல் வேலையாக ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் 10 முழுசாக அணையாது, பாதித் தூக்கத்தில் இருக்கும். டி-யில் என்னென்ன கோப்பு இருந்தது என்ற பழைய கணக்கு அதன் நினைவில் இருக்கும். அந்த நேரத்தில் 7-ல் போய் டி-யில் புது டிசைனைச் சேமித்துவிட்டுத் திரும்ப 10-க்கு வந்தால், இரண்டு கணக்கும் மோதும். டிசைன் காணாமல் போன ஒரு கேஸ் என் கைக்கு வந்திருக்கிறது. முழுசாக மீட்க முடியவில்லை.

லினக்ஸில், 4 ஜிபி ராமுக்கு உபுண்டு கனம். லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போடுங்கள். அது உபுண்டு 24.04-ன் மேல் கட்டியது, கல்லூரியில் சொல்லித்தரும் கட்டளைகள் அப்படியே ஓடும். 2029 வரை அப்டேட் வரும். இன்ஸ்டாலர் கேட்கும்போது வட்டை அழித்துவிட்டுப் போடு என்பதைத் தொடாதீர்கள். "சம்திங் எல்ஸ்" என்று கடைசியில் ஒரு வரி இருக்கும், அது. காலி 94-ல் 40 ஜிபி ரூட் (இயங்குதளத்துக்கு), மீதி ஹோம் (மகளின் கோப்புகளுக்கு), இரண்டும் எக்ஸ்ட் 4 வகை. ஸ்வாப்புக்கு (ராம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) தனிப் பாகம் வேண்டாம், அதுவே கோப்பாக வைத்துக்கொள்ளும். லினக்ஸில் லாஜிக்கல் பாகங்களின் எண் 5-லிருந்துதான் தொடங்கும், உங்கள் பத்து 5-ஆக வரும். குழம்ப வேண்டாம். பூட் லோடரை, அதாவது கிரப்பை, எங்கே போட என்று கேட்டால் பாகத்தைக் காட்டாமல் முழு வட்டைக் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. 10-க்கு 2025 அக்டோபர் 14-ல். இந்தக் கணினியில் 11 முறைப்படி ஏறாது. ஆகவே வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள்: டிசைனுக்கு 7, பில்லுக்கு 10, ஜிஎஸ்டி தளம், பேங்க், மெயில் எல்லாம் மின்ட்டில். 7-ல் இருக்கும்போது நெட் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

கோபி கணினி ஆசிரியை:

பிரிண்டர் போர்ட் என்று தெரிந்திருந்தால் நான் விர்ச்சுவல்பாக்ஸைச் சொல்லியிருக்க மாட்டேன். ஈரோடு அண்ணா சொன்ன வழிதான் சரி.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. புது மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருந்து பாகம் சுருக்கப் போகிறீர்கள் என்றால், வட்டு என்கிரிப்ட் (கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாம் கேட்காமலே ஆகியிருக்கலாம். ரெக்கவரி கீயை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள்.

சென்னிமலை டிசைன்:

அண்ணா, வெளி டிஸ்க் வாங்கி நகலெடுத்தாயிற்று. குளோன்ஸில்லா படிமமும் எடுத்தாயிற்று. சி-க்கு 70-ஐத் திருப்பிக் கொடுத்தேன். ரெக்கவரி டிவிடி போட்டுவிட்டு அந்தப் பாகத்தை எடுத்தேன். டிஸ்க் மேனேஜ்மென்ட் அதை அழிக்க விடவில்லை, மகள் தேடிப் பார்த்து டிஸ்க்பார்ட் கட்டளையில் எடுத்தாள்.

ஆனால் டி-யைச் சுருக்கப் போனால் 96 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்கிறது. காலி இடம் 212 இருக்கிறதே, ஏன்?

ஈரோடு சர்வீஸ்:

அசைக்க முடியாத கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சிஸ்டம் ப்ரொடெக்ஷன் (பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் நகல் எடுத்து வைக்கும் வசதி) டி-க்கும் ஆன் ஆகியிருக்கும், பாருங்கள். அதை டி-க்கு மட்டும் நிறுத்தி, பழைய ரீஸ்டோர் பாயின்ட்டுகளை அழித்துவிட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பேஜ் ஃபைலை (விண்டோஸின் ஸ்வாப் கோப்பு) டி-யில் வைத்திருந்தால் அதையும் சி-க்கு மாற்றுங்கள். திரும்பச் சுருக்கினால் விடும்.

சென்னிமலை டிசைன்:

எல்லாருக்கும் வணக்கம். நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன்.

சிஸ்டம் ப்ரொடெக்ஷன்தான் காரணம். நிறுத்தியதும் 160 கொடுத்தது. புது வால்யூம் போட்டபோது பச்சைக் கட்டம் வந்தது, டைனமிக் கேள்வி வரவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சே வந்தது. 10-ஐ அந்த 81-ல் போட்டோம். திரையில் பாகங்கள் வந்தபோது மகள் வாய்விட்டு "81, 81" என்று சொல்லிக்கொண்டே தேடினாள். மின்ட்டை அவளே போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு சங்கடம் வந்தது, அடுத்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். முதலாவது, கிரப் மெனுவில் மின்ட்டும், விண்டோஸ் என்று ஒரே ஒரு வரியும்தான் வந்தது. 10 போய்விட்டது என்று பயந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குள் போனால் நீல நிறத்தில் இன்னொரு மெனு, அதில் 7, 10 இரண்டும் இருந்தன. ஆனால் 7-ஐத் தொட்டால் கணினி திரும்பத் தொடக்கத்துக்கே போய் மறுபடி கிரப் வருகிறது. மறுபடி விண்டோஸைத் தொட்டால்தான் 7 வருகிறது. ஒவ்வொரு நாள் காலையும் இப்படி இரண்டு சுற்று.

இரண்டாவது, மின்ட்டிலிருந்து 7-க்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது. காலை 11 மணிக்கு முடித்த டிசைன் விடிகாலை 5:30-க்குச் சேமித்ததாகக் காட்டுகிறது. நான் கடைசியாகத் திருத்தியது எது என்பதைக் கோப்பின் நேரத்தை வைத்துத்தான் பார்ப்பேன், அட்டை குத்தக் கொடுப்பதும் அதை வைத்துத்தான். இது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஈரோடு சர்வீஸ்:

இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. அந்த நீல மெனு 10-ன் பாதி உடம்பை ஏற்றிக்கொண்டுதான் கேள்வியே கேட்கிறது. நீங்கள் 7 என்றதும் ஏற்றியதை இறக்கத் தொடக்கத்துக்குப் போகிறது. 10-க்குள் போய் ஸ்டார்ட்அப் அண்டு ரெக்கவரியில் 7-ஐ டிஃபால்ட் ஆக்குங்கள். அப்போது பழைய கறுப்பு எழுத்து மெனு வரும், ஒரே சுற்றில் போகும்.

கடிகாரம்: தாய்ப்பலகையில் இருக்கும் கடிகாரத்தில் விண்டோஸ் நம்மூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதும். இரண்டுக்கும் நடுவே 5:30 மணி. மின்ட்டை நம்மூர் நேரத்துக்கு எழுதச் சொல்ல டெர்மினலில் ஒரே ஒரு கட்டளை போதும். எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும் என்பதால் உங்கள் தனிமடலுக்கு அனுப்பியிருக்கிறேன்.

சென்னிமலை டிசைன்:

இரண்டும் சரியாகிவிட்டது அண்ணா. மகள் டெர்மினலில் கட்டளை கொடுத்தாள், 7-ல் போய்ப் பார்த்தேன், சுவர்க் கடிகாரமும் கணினியும் ஒன்றாகக் காட்டின.

இன்று காலை 7-ல் ஒரு பார்டர் முடித்தேன், இரண்டு அன்னம் எதிரெதிராக வருவது, 400 ஹூக். மதியம் மனைவி 10-ல் அதற்குப் பில் போட்டார். டிசைன் டிரைவ் அதிலும் தெரிகிறது. இப்போது இரவு 9 மணி, மகள் மின்ட்டில் உட்கார்ந்திருக்கிறாள். ஷட்டவுன் வியாழக்கிழமை என்று பேப்பரில் வந்திருக்கிறது. அதற்குள் எல்லாம் முடிந்த இந்த வட்டை இன்னொரு முறை குளோன்ஸில்லாவில் எடுத்து வைக்கப் போகிறேன். பழைய படிமத்தை அழிக்கலாமா, அதையும் வைத்திருக்கட்டுமா?

ஈரோடு சர்வீஸ்:

வைத்திருங்கள். இடம் இருக்கிறவரைக்கும் அழிக்காதீர்கள். புதுப் படிமத்துக்குத் தேதியும், "மூன்றும் ஓடியது" என்றும் பெயரில் எழுதுங்கள். பழையதற்கு "7 மட்டும்" என்று எழுதுங்கள். அந்த டாங்கிளையும் ஒரு பூட்டிய டப்பாவில் வையுங்கள், அதற்கு நகல் கிடையாது.